முக்காற்புள்ளி வைத்த கணக்கு வாத்தியார்

ஃப்ளிப்கார்ட்டில் ஷூ வாங்கும்போது யாரும் எல்லா ஷூவையும் பார்ப்பதில்லை. ஃபில்டரைத் தட்டுறோம். சைஸ் ஒன்பது, கறுப்பு, ஆயிரம் ரூபாய்க்குள்ள, ஓடுவதற்கு. நாலு க்ளிக், அவ்வளவுதான், மொத்தக் கடையும் ஒரு பக்கத்துக்குள் சுருங்கிவிடும். ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. தேடுகிறவர் தனக்கு வேண்டிய முகங்களைச் சேர்த்துக்கொள்வது. கம்ப்யூட்டர் சயின்ஸில் இதற்கு ஃபேசட்டட் சர்ச் என்று பேர். இந்த யோசனையை முறையாக வகுத்து, ஒரு பெரிய நூலகம் முழுக்க ஓட்டிக் காட்டியவர் ஒரு கணக்கு வாத்தியார். ஊர் சீர்காழி. வேலை பார்த்த இடம் சென்னைப் பல்கலைக்கழக நூலகம். காலம் 1920-கள். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் ஆள் என்றுதான் அர்த்தம்.

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். சுருக்கமாக எஸ்.ஆர்.ஆர். லைப்ரரி சயின்ஸ் படித்தவர்கள் கையெடுத்துக் கும்பிடும் பேர். ஆகஸ்ட் 12 அவர் பிறந்த நாள், அதுதான் இந்தியாவில் நூலகர் தினம். நமக்கு அவர் பெரும்பாலும் லைப்ரரி சுவரில் மாட்டிய ஒரு போட்டோ, தலைப்பாகை கட்டிய ஒரு தாத்தா. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லிட்ரேச்சர் சர்வே ஆரம்பிக்கிற சமயத்தில் அந்த போட்டோவைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பார்க்கலாம்னு தோணுது. நம்ம ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் இருக்கே, இந்தத் தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை என்று, அது பாதி நேரம் உண்மையில்லை. யாரோ செய்திருக்கிறார்கள். நாம கேட்ட விதத்தில் அது வரவில்லை, அவ்வளவுதான். கேட்கிற விதத்தைப் பற்றித்தான் இந்த மனுஷர் வாழ்நாள் முழுக்க யோசித்தார்.

பிறந்தது 1892. அப்பா ராமாமிர்த ஐயர், ரங்கநாதனுக்கு ஆறு வயதாகும்போது போய்விட்டார். பள்ளிப்படிப்பு சீர்காழியிலேயே. பையனுக்குத் திக்குவாய் உண்டு. அதை மெல்ல மெல்ல ஜெயித்து, பிறகு பேசியே பிழைக்கிற வாத்தியார் வேலைக்குப் போனார் என்பது தனிக் கதை. மெட்ரிகுலேஷன் முடித்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். தாம்பரத்துக்குப் போகாத காலம் அது, காலேஜ் பாரிமுனைப் பக்கம் இருந்தது. கணிதத்தில் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. அங்கே கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் அவருக்குக் கிடைத்தார். வெள்ளைக்காரப் பேராசிரியர், தஞ்சாவூர் ஜில்லா மாணவன். ரெண்டு பேருக்கும் கடைசி வரை விட்டுப்போகாத ஒரு பாசம். இந்த ராஸ் இன்னொரு முக்கியமான இடத்தில் திரும்ப வருவார்.

சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜில் பயிற்சி. 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலை, பிறகு கோயம்புத்தூர், அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரி. கணக்கு சொல்லிக் கொடுப்பது அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை. சம்பளம்தான் பிடிக்கிற மாதிரி இல்லை. அந்த நேரம் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக ஒரு முழுநேர நூலகர் வேணும்னு விளம்பரம் கொடுத்தது. வந்த விண்ணப்பங்கள் சுமார் 900. நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருத்தரும் இல்லை, ரங்கநாதனும் சேர்த்துத்தான். நண்பர்கள் சொன்னார்கள், சம்பளமும் பரவாயில்லை, அவரும் போட்டு வைத்தார். இன்டர்வியூவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனாராம். எக்ஸாமுக்கு முந்தின நாள் படிக்கிற நம்ம வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய முன்னோடி கிடைக்காது.

வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் சேர்ந்தார். சேர்ந்த ஒரு வாரத்திலேயே ஓடிப்போகணும்னு ஆகிவிட்டது. நேற்று வரை வகுப்பு நிறைய பசங்க, கேள்விகள், கரும்பலகை. இன்று பெரிய அறை, பெரிய நாற்காலி, ஆளரவமே இல்லை. படிக்க யாரும் வருவதில்லை. ஒரு மனுஷர் எவ்வளவு நேரம்தான் புத்தக முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்? பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். ஒரு ஏற்பாடு சொன்னார்கள். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பு படித்துவிட்டு வா, அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வாத்தியார் இடம் உனக்குத்தான்.

அந்த வருஷமே கப்பல் ஏறினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி. வகைப்பாடு சொல்லிக் கொடுத்தவர் பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் ஊர்ப் பொது நூலகத்தின் தலைவர். பாடத்தைவிட ஊர் சுற்றிப் பார்த்ததுதான் ரங்கநாதனை மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் போனார். குழந்தைகள், தொழிலாளிகள், பெண்கள் என்று எல்லோரும் வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். ஆளில்லாத அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்றையும் பார்த்தார். கணக்குப் படித்த மூளை சும்மா இருக்காது இல்லையா. ஒவ்வொரு நூலகமும் புத்தகத்தை அடுக்குவதற்குப் படாதபாடு படுகிறது. அமெரிக்காவின் மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட தசம முறைதான் அப்போதும் பிரபலம், இப்போதும் பிரபலம். அறிவு முழுவதையும் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் திரும்பப் பத்தாகப் பிரி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு எண் ரெடியாக இருக்கும். புத்தகம் வந்தால் பொருத்தமான பெட்டியில் போடு. சிக்கல் எங்கே வருகிறது? பட்டியலில் இல்லாத ஒரு தலைப்பில் புத்தகம் வந்தால் எந்தப் பெட்டி? ரெண்டு மூன்று விஷயம் கலந்த புத்தகம் வந்தால்?

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ஒரு மெக்கானோ செட்டை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு விளக்கத் தேவையில்லை: ஓட்டை போட்ட சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வைத்து ஒருமுறை கிரேன், கழற்றிப் போட்டு மறுமுறை வண்டி. ரங்கநாதனுக்கு அங்கேதான் பொறி தட்டியது. பொம்மைகளைச் செய்து பெட்டியில் வைப்பதற்குப் பதில் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்வோம். புத்தகம் வரும்போது அதற்கு வேண்டிய துண்டுகளை மாட்டிக்கொள்ளலாம். துண்டுகளை இணைக்கிற நட்டு போல்ட்டாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி, அதாவது கோலன். ஊர் திரும்பும் கப்பலில் இருந்த சின்ன நூலகத்தைத் தன் முறைப்படி அடுக்கிச் சோதித்துப் பார்த்தார். ஆக, முதல் டெஸ்ட் கேஸ் நடுக்கடலில் ஓடியது.

1925-ல் சென்னையில் இறங்கினார். கணக்கு வாத்தியார் வேலை கேட்கவில்லை.

அடுத்த இருபது வருஷம் அவர் லீவே எடுத்ததில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1929-ல் ரெண்டாம் கல்யாணம் நடந்த அன்று மத்தியானமே லைப்ரரிக்கு வந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். முதல் மனைவி ருக்மிணி 1928-ல் ஒரு விபத்தில் இறந்திருந்தார். இந்த லீவு போடாத பெருமையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். வீட்டில் இருந்த சாரதா அம்மாவுக்கு அந்த மத்தியானம் எப்படிப் போனதோ.

ஆனால் அந்த உழைப்பு எதற்குப் போனது என்று பார்க்கணும். பூட்டி வைத்த அலமாரிகளைத் திறந்துவிட்டார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாக வாசகர்களே உள்ளே போய் அலமாரி நடுவில் நடக்கலாம், எடுத்துப் புரட்டலாம். புத்தகம் காணாமல் போகுமே? போகும்தான். யாரும் தொடாமல் பத்திரமாக இருப்பதைவிட அது மேல் என்பது அவர் கட்சி. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வருகிறவர்களுக்கு உதவ ஆட்களைப் பழக்கினார். முதல்முறை உள்ளே வரும் மாணவனைத் தனியாகத் தவிக்க விடக்கூடாது, கேட்டலாக் எப்படி வேலை செய்கிறது, அடுக்கு எப்படிப் போகிறது, எந்தக் கேள்விக்கு எந்தக் குறிப்பு நூல் என்பதைக் கூடவே நின்று பழக்கிவிடணும் என்பதில் அவர் ரொம்ப உறுதி. 1940-ல் இந்த ரெஃபரன்ஸ் சர்வீஸ் பற்றியே தனியாகப் புத்தகம் போட்டார். ஃபர்ஸ்ட் இயரில் நமக்கெல்லாம் நடக்கும் லைப்ரரி ஓரியண்டேஷன், வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வருவது, அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு வருது.

1928-ல் தான் செய்துகொண்டிருக்கும் இந்த எல்லா வேலைக்கும் அடியில் ஒரு சில அடிப்படை விதிகள் இருக்கணும்னு தேட ஆரம்பித்தார். நியூட்டனுக்கு மூன்று விதி இருக்கு, நூலகத்துக்கு? அந்தச் சமயத்தில் ராஸ் வந்தார். மாணவன் சுற்றிச் சுற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, முதல் விதிக்கான சொற்களைப் போகிற போக்கில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வந்தன. 1931-ல் சென்னை நூலகச் சங்கம் அந்த ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டது. அந்தச் சங்கமும் அவர் முன்னின்று 1928-ல் தொடங்கியதுதான்.

ஐந்தையும் என் சொல்லில் சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, பயன்பட. யாராக இருந்தாலும் அவருக்கான புத்தகம் அவருக்குப் போய்ச் சேரணும். எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதற்கான வாசகர் அதற்குக் கிடைக்கணும். வாசகரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்க. நம்ம டிபார்ட்மெண்ட் அலமாரிகளில் வருஷா வருஷம் பைண்ட் பண்ணி அடுக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் எத்தனை? தலைப்பில் புதுமையான அணுகுமுறை என்று ஒரு சொல், கீவேர்டு இடத்தில் கடைசி நிமிஷத்தில் போட்ட நாலு சொல். நாலு மாசம் தூக்கம் கெட்டுச் செய்த வேலை, அடுத்த வருஷம் அதே தலைப்பை எடுக்கும் ஜூனியருக்குக் கண்ணில் படாது. அவர் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிப்பார். அப்புறம் யாரும் ஆய்வு செய்யவில்லை என்று எழுதுவார்.

அந்த 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டி நூலகம் கிளம்பியது. வடிவமைத்தவர் கனகசபைப் பிள்ளை என்கிற பொறியாளர். நம்ம ஆளு! வண்டிக்குள் புத்தக அடுக்கு, வண்டி கிராமம் கிராமமாகப் போகும். ரங்கநாதன் இதற்குத் துணை நின்றார். வாசகர் வரமாட்டேன் என்றால் நூலகம் வாசகரிடம் போகணும் என்பது ரெண்டாம் விதியின் சரியான அர்த்தம். ரோடு ஏறும் இடமெல்லாம் வண்டி போனது. மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு அந்த விதி போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

1933-ல் கோலன் வகைப்பாடு அச்சில் வந்தது. இங்கேதான் நமக்கு நேரடியாக உபயோகப்படும் சமாச்சாரம் இருக்கு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஆங்கில எழுத்து: கணிதம் பி, பொறியியல் டி, விவசாயம் ஜே, மருத்துவம் எல். அதற்கப்புறம் ஒரு தலைப்பை எடுத்து முகம் முகமாகப் பிரிப்பது. பல வருஷம் யோசித்து, எந்தத் தலைப்பாக இருந்தாலும் ஐந்து வகை முகங்களுக்குள் வந்துவிடும் என்ற இடத்துக்கு வந்தார். எதைப் பற்றியது என்கிற மையப்பொருள். எந்தப் பண்பு, எந்த மூலப்பொருள். என்ன செயல் நடக்கிறது. எந்த இடம். எந்தக் காலம். இடத்துக்கும் எண் உண்டு, இந்தியா என்றால் 44. துண்டுகளுக்கு நடுவில் நிறுத்தற்குறிகள்.

நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப் போகிற ஜவ்வாது மலையையே எடுத்துக்கலாம். அங்கே முக்கியமான பயிர் சாமை. சாமையில் பெரிய தொல்லை உமி நீக்குவது, ஏன்னா மணி அவ்வளவு சின்னது. வீட்டுப் பெண்கள் உலக்கையால் குத்திப் புடைத்து எடுத்த வேலை. இதற்கு ஒரு சின்ன மெஷின் செய்யணும்னு ஒரு டீம் ப்ராஜெக்ட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தட்டி ஸ்கோபஸிலோ கூகுள் ஸ்காலரிலோ போட்டால் ஒன்றும் உருப்படியாக வராது. ரங்கநாதன் சொல்கிற மாதிரி முதலில் பேப்பரில் முகங்களைப் பிரிப்போம்.

மையப்பொருள் சாமை. ஆங்கிலத்தில் லிட்டில் மில்லட். தாவரவியல் பேர் பேனிகம் சுமத்ரென்ஸ். ஆனால் பழைய இந்தியக் கட்டுரைகளில் அதே பயிர் பேனிகம் மிலியாரே என்று இருக்கும். இந்திக்காரர்கள் எழுதியதில் குட்கி. ஒரே தானியம், நாலு கதவு. நாம ஒன்றை மட்டும் தட்டிவிட்டு வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிவிடுகிறோம்.

செயல், உமி நீக்குவது. ஒருத்தர் டீஹல்லிங் என்பார், ஒருத்தர் டீஹஸ்கிங், இன்னொருத்தர் டீகார்டிகேஷன், சிலர் பொதுவாக மில்லிங் என்று விட்டுவிடுவார்கள். பண்பு என்று பார்த்தால் தானியத்தின் ஈரப்பதம், மணியின் அளவு, உருளைக்கு ரப்பரா எமரியா.

இடம்தான் வேடிக்கை. ஜவ்வாது மலையை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி! ஒரு வி, ரெண்டு வி, வி-க்குப் பதில் டபிள்யூ, டி தனியாக, டி-யோடு எச் சேர்த்து, கடைசியில் யு அல்லது ஐ. எல்லாமே அச்சில் இருக்கு. சில டேட்டாபேஸ்களில் சொல்லின் பாதியில் நட்சத்திரக் குறி போட்டால் வால் எப்படி இருந்தாலும் பிடித்துவிடும். தலையில் வித்தியாசம் என்றால் தனித்தனியாகத்தான் எழுதணும். அதோடு முடிந்ததா? மலை அப்படியே இருக்க, மாவட்டம் மாறிக்கொண்டே இருக்கு. 1989 வரை இந்தப் பகுதி வட ஆற்காடு. அப்புறம் திருவண்ணாமலை ஒரு பக்கம், வேலூர் ஒரு பக்கம். 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டம். 1980-ல் எழுதிய ஒரு கட்டுரை வட ஆற்காடு மலைகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். திருப்பத்தூர் மாவட்டம் என்று தேடினால் அது எப்படி வரும்?

காலம் என்கிற முகம் இங்கேதான் உள்ளே வருகிறது. அதே மலையில் இன்னொரு உதாரணம், காவலூர் வான் ஆய்வகம். அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் வந்தது. ஆய்வகத்துக்கு வைணு பாப்பு பேர் வைத்தது 1986-ல். வைணு பாப்பு ஆய்வகம் என்று மட்டும் தேடுகிறவருக்கு அதற்கு முந்தைய கட்டுரைகள் நழுவிப் போகும், ஏன்னா அவற்றில் காவலூர் என்று மட்டும்தான் இருக்கும். பேர் மாறிய வருஷம் தெரியாமல் பழைய வேலையைத் தேட முடியாது.

பிரித்தாச்சு. இனி சேர்ப்பது சுலபம். ஒரே முகத்துக்குள் இருக்கும் மாற்றுப் பேர்களுக்கு நடுவில் ஆர். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஆண்ட். ஒவ்வொரு முகத்தையும் அடைப்புக்குறிக்குள் போடணும், இல்லேன்னா மெஷின் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் படித்த அதே பூலியன்தான், பயப்பட ஒன்றும் இல்லை. ரிசல்ட் ரொம்பக் குறைவாக வந்தால் ஒரு முகத்தைக் கழற்றிவிடணும். எதைக் கழற்றுவது? மெஷினுக்கு ஜவ்வாது மலை தெரியாது. சாமை எந்த மலையில் விளைந்தாலும் உமி உமிதான். அதனால் முதலில் இடத்தைக் கழற்றலாம். கழற்றினால் கொல்லி மலை வரும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சாமை உள்ளிட்ட சிறுதானியங்களில் பல வருஷம் வேலை செய்திருக்கிறது. ஒரு மலை தள்ளி இருக்கும் அனுபவத்தை விட்டுவிட்டு நாம புதுசாகக் கண்டுபிடிக்கக் கிளம்பியிருப்போம். அதே ப்ராஜெக்ட் அந்த மலைக்காரர்களின் பழக்கம் பற்றியது என்றால் இடத்தைக் கழற்றவே கூடாது, செயலைத்தான் தளர்த்தணும். எதைப் பிடிப்பது எதை விடுவது என்ற முடிவை எந்த டேட்டாபேஸும் நமக்காக எடுக்காது. இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்காவையும் மறக்காதீங்க; ஜர்னலில் வராத மாவட்ட அளவு விஷயங்கள் பல நேரம் தீசிஸில்தான் கிடக்கும்.

இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் நம்ம லைப்ரரியில் டியூயி எண் ஒட்டியிருக்கு? நியாயமான கேள்வி. கோலன் எண்கள் நீளம், பார்த்தால் ரெஜக்ஸ் மாதிரி இருக்கும். புத்தக முதுகில் எழுத இடம் போதாது. அது மட்டுமில்லை, ரங்கநாதன் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே இருந்தார். 1960-க்குள் ஆறு பதிப்பு. பழைய பதிப்பின்படி ஆயிரக்கணக்கில் எண் போட்டு வைத்த ஒரு நூலகத்தின் நிலைமையை நினைத்துப் பாருங்க, வெர்ஷன் மாறினால் பழைய கோடு ஓடாத கதைதான். அவர் ஆராய்ச்சியாளர் என்பதால் முறை சரியாக வரணும்னு பார்த்தார், அலமாரிக்காரர்களுக்குத் தலைவலி. எண்ணாக அது தோற்றது என்றே சொல்லலாம். யோசனையாக ஜெயித்தது. 1950-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் தன் பொருளகராதிக்கு அவருடைய சங்கிலி முறையை எடுத்துக்கொண்டது. 1952-ல் லண்டனில் கூடிய வகைப்பாட்டு ஆய்வுக் குழு முகப் பகுப்பைத் தங்கள் அடிப்படையாக வைத்துக்கொண்டது. அங்கிருந்து டேட்டாபேஸ்களுக்கும், பிறகு வெப்சைட்டுகளுக்கும், கடைசியில் நம்ம ஷூ ஃபில்டருக்கும் வந்து சேர்ந்தது.

சென்னையை விட்டபின் அவர் ஓய்வெடுக்கத்தான் நினைத்தார். 1945-ல் காசி இந்துப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. ரெண்டு வருஷத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களுக்குத் தன் கையாலேயே வகைப்பாடு செய்தார். 1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம். அவர் வரைந்து கொடுத்த மாதிரிச் சட்டத்தின் வழியில் 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது, சுதந்திர இந்தியாவில் இந்த மாதிரி முதல் சட்டம். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருக்கீங்களா? அதன் வேர் இந்தச் சட்டம்தான். மலை ஊரில் ஒரு கிளை நூலகம் கேட்கிறவர் சலுகை கேட்கவில்லை, சட்டப்படி வரி கட்டும் மக்களின் உரிமையைக் கேட்கிறார்.

1956-ல் தன் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த. அந்தக் காலத்து லட்சம். அதற்குத் தன் பேரை வைக்கவில்லை, சாரதா ரங்கநாதன் என்று வைத்தார். 1957-ல் பத்மஸ்ரீ. நடுவில் சூரிச்சில் சில வருஷம், உஜ்ஜயினியில் கொஞ்ச நாள். கடைசியாக பெங்களூர். 1962-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை அங்கே தொடங்கினார். எழுபது வயதில் ஒரு ஸ்டார்ட்டப். 1965-ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் ஆனார்.

கம்ப்யூட்டர்கள் நூலகங்களுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில், 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். கோலன் வகைப்பாட்டின் ஏழாம் பதிப்பை அவர் இன்னும் முடித்திருக்கவில்லை. அவருடன் வேலை செய்தவர்கள் எடுத்து முடிக்க, அது 1987-ல் வெளிவந்தது.